பள்ளிக்கூடத்தில் மனித உரிமை

1948ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், பாரிஸ் மாநகரில் கூடிய ஐக்கிய நாட்டுப் பொதுமன்றம் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அன்று மன்றத்தில் இருந்த நாடுகள் 58. ஆதரித்தவை 48, நடுநிலை வகித்தவை 8, வாக்களிப்பில் கலந்துகொள்ளாதவை 2, எதிர்த்தது ஒன்றுமில்லை. இச்செய்தியைப் பலரும் அறிவர். அதே தீர்மானத்தின் மற்றொரு பகுதியாக அன்றே நிறைவேறிய ஒன்றை அறிந்தார் சிலரே. பிரகடனத்தின் வாசகத்தை எங்கும் பரப்புதல் வேண்டும். யாவரும் காண வைத்தல் வேண்டும். படித்துப் பொருள் விளக்குதல் வேண்டும். இவை சிறப்பாகப் பள்ளிகளிலும் பிற கல்விக்கூடங்களிலும் நடைபெறல் வேண்டும் என்பதே அது.

உரிமையைக் காக்கும் இடம் நீதிமன்றம் என்பர். அவ்வாறிருக்க, உலக நாடுகள் பள்ளிக்கூடத்தைச் சிறப்பாகச் சுட்டியது ஏன்? பள்ளிக்கூடம் எவ்வளவு கேடு செய்யவல்லது என்பதை அவை அப்பொழுதுதான் கண்டிருந்தன.

கணக்கும் நஞ்சான கதை

1933 முதல் 1945 வரை ஜெர்மனியை ஆண்ட நாஜி ஆட்சியில், பாடநூலும் படக்கதையும் பகைமையின் கருவிகளாயின. 1938ஆம் ஆண்டு வெளிவந்த ‘நச்சுக் காளான்’ என்னும் பொருள்படும் சிறுவர் நூல், யூதரை நச்சுக் காளானுக்கு ஒப்பிட்டு வண்ணப் படங்களுடன் பிள்ளைகளுக்கு வெறுப்பை ஊட்டியது. அதனைப் பதிப்பித்த ஜூலியஸ் ஸ்ட்ரைகர், போருக்குப் பின் நூரம்பர்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 1946இல் தூக்கிலிடப்பட்டான். கணக்குப் பாடமும் தப்பவில்லை. மனநோயாளர் விடுதி ஒன்றுக்கு ஆகும் செலவைக் கொடுத்து, அப்பணத்தில் எத்தனை வீடுகள் கட்டலாம் எனக் கேட்கும் கணக்குகளை மாணவர் போட்டனர். விடை சரியா, தவறா என்று பிள்ளை கேட்கலாம். ‘இத்தகைய கணக்கை ஏன் போடவேண்டும்?’ என்று கேட்கத்தான் அவ்வகுப்பில் இடமில்லை. படம், கதை, கணக்கு ஆகிய மூன்றும் நல்ல கற்பித்தற் கருவிகளே. வினா அடைக்கப்பட்ட வகுப்பில் அவை நஞ்சாயின. மனித உரிமைக் கல்வியின் பிற்கால வரலாற்றை எடைபோட இவ்வுண்மையே தக்க அளவுகோலாகும்.

‘ஆடவர்’ போய் ‘மாந்தர்’ வந்தது

பிரகடனத்தை வகுத்த குழுவில் அமெரிக்காவின் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார், பிரான்சின் ரெனே கசின், சீனத்தின் பி. சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக் ஆகியோர் முன்னின்று உழைத்தனர். மனித உரிமை ஆணைக்குழுவில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர் ஹன்சா மேத்தா அம்மையார். முதற்பிரிவின் தொடக்கம் ஆங்கில வரைவில் ‘ஆடவர் யாவரும்’ எனப் பொருள் கொள்ளத்தக்கதாய் இருந்தது. அதனை ‘மனிதப் பிறவியர் யாவரும்’ என்று மாற்றுதல் வேண்டுமென வாதாடி வென்றவர் அவரே.

தமிழாசிரியர்க்கு இது இலக்கண வகுப்பிலேயே பயன்படக்கூடிய செய்தி. தமிழ் இலக்கணம் மக்கள் அனைவரையும் முதலில் உயர்திணை என ஒன்றாக வைத்து, ஆண்பால், பெண்பால், பலர்பால் என்பவற்றை அதன் உட்பிரிவாகவே கொண்டது. திணையும் பாலும் கற்பிக்கும் நாளில் ஹன்சா மேத்தாவின் வாதத்தையும் எடுத்துரைத்தால், உலகப் பிரகடனத்தின் முதற்சொல் பிள்ளைகளுக்கு அயலானதாகத் தோன்றாது.

தோட்டத்துப் பள்ளியும் அடங்கும்

பள்ளிகளைச் சுட்டிய தீர்மானத்தில் மற்றொரு சொற்றொடரும் கருதத்தக்கது. நாடுகளின் அல்லது ஆட்சிப் பகுதிகளின் அரசியல் நிலையை வைத்து வேறுபாடு காட்டலாகாது என்றது அது. உரிமை பெற்ற நாடாயினும் பிறர் ஆட்சிக்குட்பட்ட நாடாயினும் ஒன்றே என்பது இதன் பொருள். அந்நாளில் மலாயாவும் சிங்கப்பூரும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. மலாயா ஐக்கிய நாட்டு மன்றத்தில் சேர்ந்தது 1957இல். சிங்கப்பூர் சேர்ந்தது 1965இல். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மலாயாவில் விதித்திருந்தது. அவ்வாறு எழுந்த தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் பிள்ளையும், தீர்மானத்தின் சொற்படி, பிரகடனத்தைக் கற்கவேண்டிய மாணவர் கூட்டத்தில் அடங்கியவரே.

படத்தாள்களும் கையேடுகளும்

தீர்மானம் பிறந்த மறு ஆண்டே யுனெஸ்கோ நிறுவனம் செயலில் இறங்கியது. 1949இல் பாரிசின் கலியேரா அருங்காட்சியகத்தில் மனித உரிமைக் கண்காட்சி ஒன்றை அமைத்தது. பாரிசுக்கு வர இயலாதார் பொருட்டு, 1950இல் அக்கண்காட்சியையே படத்தொகுப்பாக்கி உறுப்பு நாடுகளுக்கு அனுப்பியது. படங்கள் நூலாகக் கட்டப்படாமல் தனித்தனித் தாள்களாக இருந்தமையால், வேண்டியவற்றைச் சுவரில் ஒட்டி, பள்ளியிலேயே கண்காட்சி வைக்க முடிந்தது. உலக மக்களிடையே நல்லுணர்வு வளர்த்தல் பற்றிய ஆசிரியர் கையேடுகளும் அக்காலத்தில் வரிசையாக வெளிவந்தன. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குரிய கையேடு 1949இல் வந்தது. பிற்காலத்தில், 1967 முதல், ‘யுனெஸ்கோ கூரியர்’ இதழ் தமிழிலும் வெளிவந்தது. மணவை முஸ்தபா அவர்கள் அதன் ஆசிரியராக இருந்து நெடுங்காலம் உழைத்தார்.

1953ஆம் ஆண்டின் இரு முகங்கள்

கருவிகள் வந்துவிட்டன. வகுப்பில் அவற்றுக்கு இடம் கிடைத்ததா? 1953ஆம் ஆண்டு இரு வேறு விடைகளைத் தந்தது.

அவ்வாண்டு யுனெஸ்கோ, 15 நாடுகளைச் சேர்ந்த 33 பள்ளிகளை இணைத்து ஒரு திட்டம் தொடங்கியது. மனித உரிமை, பிற நாட்டு மக்கள், ஐக்கிய நாட்டு மன்றம் ஆகியவை பற்றி எவ்வாறு கற்பிப்பது என்பதை அப்பள்ளிகள் ஆய்ந்து பார்த்தன. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அவ்வமைப்பில் உள்ளன.

அதே ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் யுனெஸ்கோ திட்டத்துக்குப் பள்ளிகளில் இடமில்லை என்று கல்விக்குழு முடிவு செய்தது. ஆசிரியர்க்கென அந்நகரிலேயே உருவான கையேடு முந்திய ஆண்டே திரும்பப் பெறப்பட்டிருந்தது. உலகத்தை நேசிக்கக் கற்ற பிள்ளை தாய்நாட்டை மறந்துவிடும் என்று எதிர்த்தோர் அஞ்சினர். தென்னாப்பிரிக்காவோ இன்னும் ஒருபடி சென்றது. பிரகடன வாக்களிப்பில் நடுநிலை வகித்த அந்நாடு, 1953இல் பாண்டுக் கல்விச் சட்டத்தை இயற்றி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறான, தாழ்ந்த கல்வியை வகுத்தது. பின்னர் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடங்களைக் கற்கவேண்டும் என்ற கட்டாயமும் வந்தபொழுது, 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சொவெட்டோ மாணவர் அணிவகுத்தெழுந்தனர். அவர்கள்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். உரிமை என்ன என்பதை அப்பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. தங்கள் வகுப்பறையின் அநீதியிலிருந்தே அவர்கள் அதனைக் கற்றனர்.

மனப்பாடத்திலிருந்து செயலுக்கு

முப்பது பிரிவுகளை மனப்பாடம் செய்வித்தல் எளிது, பயனோ சிறிது. ஆசிரியர் உலகம் இதனை மெல்ல உணர்ந்தது. 1989இல் ஐக்கிய நாட்டு மன்றம் ஆசிரியர்க்கென ஒரு பயிற்சி நூலை வெளியிட்டது. 2004இல் அதனைத் திருத்தி மீண்டும் வெளியிட்டது. தொடக்கப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் உரிய பயிற்சிகள் அதில் உள்ளன. வகுப்பின் விதிகளைப் பிள்ளைகளே கூடி வகுப்பது அவற்றுள் ஒன்று. தேவை எது, விருப்பம் எது என்று சீட்டுகளைப் பிரித்து அடுக்கும் பயிற்சியும் இத்துறையில் பரவலாக வழங்குகிறது. உணவும் நீரும் ஒருபுறம், மிதிவண்டியும் மிட்டாயும் மறுபுறம் எனப் பிள்ளைகள் அடுக்குவர். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், விளையாட்டு எந்தப் பக்கம் என்ற வாக்குவாதம் எழும்பொழுதே பாடம் தொடங்குகிறது.

1989இலேயே குழந்தை உரிமை உடன்படிக்கையும் நிறைவேறியது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதனை ஏற்றன. அதன் 42ஆம் பிரிவு, உடன்படிக்கையைப் பெரியோர்க்கு மட்டுமன்றிக் குழந்தைகளுக்கும் அறிவிக்கும் கடமையை அரசின்மேல் வைத்தது. 2011இல் ஐக்கிய நாட்டு மன்றம் மனித உரிமைக் கல்வி பற்றித் தனிப் பிரகடனமே செய்தது. இக்கல்விக்கு மூன்று கூறுகள் உண்டென அது வகுத்தது. உரிமைகளைப் பற்றிக் கற்றல் ஒன்று. கற்போர், கற்பிப்போர் ஆகிய இருவரின் உரிமையையும் மதிக்கும் முறையிலேயே கற்றல் மற்றொன்று. கற்றவர் தம் உரிமையைத் துய்க்கவும் பிறர் உரிமையைப் பேணவும் வல்லவராதல் மூன்றாவது.

மதுரையிலிருந்து ஒரு முயற்சி

இம்மூன்றும் ஒருங்கே சோதிக்கப்பட்ட இடங்களுள் தமிழ்நாடும் ஒன்று. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் என்னும் அமைப்பு, 1997இல் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு மூன்றாண்டுப் பாடத்திட்டம் வகுத்து, நூல்களைத் தமிழில் ஆக்கி, ஆசிரியர்க்கும் பயிற்சி அளித்தது. சாதி, பெண் குழந்தை, குழந்தைத் தொழில் என ஊரில் உள்ளவையே பாடப்பொருளாயின. இம்முயற்சியை ஆராய்ந்த மோனிஷா பஜாஜ் அம்மையார் 2012இல் நூலொன்று வெளியிட்டார். ஆசிரியர் துணைநின்ற இடங்களில் பிள்ளைகளின் சொல்லுக்கு ஊரில் மதிப்புக் கிடைத்தது; துணையின்றித் தனித்துக் கேட்ட பிள்ளை எதிர்ப்பையும் ஏச்சையும் சந்திக்க நேர்ந்தது. உரிமையைக் கற்பிக்கும் ஆசிரியர், கற்ற பிள்ளைக்கு அரணாகவும் நிற்க வேண்டியவராகிறார்.

இங்கேதான் ஆசிரியர்க்கு உண்மையான சோதனை வருகிறது. எவரையும் இழிவாக நடத்தலாகாது என்ற ஐந்தாம் பிரிவைப் படித்த மாணவன், ‘நேற்று வகுப்பில் விழுந்த அடி எதில் சேரும், ஐயா?’ என்று கேட்டால் என்ன செய்வது? ‘உட்கார்’ என்று அதட்டினால் அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. வினாவை ஏற்று, வகுப்பு முழுவதும் கூடி அதற்கு விடை தேடினால், 1948ஆம் ஆண்டுத் தீர்மானம் பள்ளிகளுக்கு இட்ட பணி அவ்வறையில் நிறைவேறத் தொடங்கும். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு கரும்பலகையும், தமிழில் அச்சிட்ட பிரகடனத்தின் ஒரு படியும், பிள்ளை பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் ஆசிரியருமே.