நீர்க்கடுப்பு

படவேட்டில் ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் அம்மனைப் பார்க்கக் கால் கடுக்க நின்றவர்களுக்குக் ‘கடுப்பு’ என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வேர் ‘கடு’: மிகுதி, உறைப்பு, நஞ்சு. கடுங்குளிர், கடுங்காப்பி எல்லாம் ஒரே குடும்பம், ‘கடுப்பேத்தாதே’யும்தான்.

‘நீர்க்கடுப்பு’ என்பதில் ‘நீர்’ சிறுநீர், இடக்கரடக்கல். வெயில் கடுப்பு மோரில் ஆறிவிடும். கிருமியென்றால் மாத்திரை. கிருமியே இல்லாமல் மாதக்கணக்கில் வருத்துவதும் உண்டு: சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப வலி, கழித்ததும் சற்றே தணிவு. பெண்களுக்கே அதிகம். உடலைக் காக்கும் படையே உடலைத் தாக்கும் ஜோக்ரன் போன்ற நோயுள்ளவர்களிடம் இது கூடுதல். சிலருக்குப் பையின் உட்சுவரில் காணும் புண்ணை 1915இல் அமெரிக்க மருத்துவர் ஹன்னர் விவரித்தார். சோதனையில் கிருமி இல்லையென்று வந்தும் கடுப்பு நிற்கவில்லையா? ‘சூடு’ என்று தள்ளாமல் சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள்.