காற்றுக்குப் பாதை போட்ட மூடி

1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் படத்தைப் பார்த்தால், ரைட் வேர்ல்விண்ட் எஞ்சினின் ஒன்பது சிலிண்டர்களும் மூக்கைச் சுற்றித் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாத எஞ்சின். காற்று தாராளமாகப் பட்டால்தான் பிழைக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அதற்குக் காற்றுத்தடையாகக் கொடுத்த விலையைச் சரியாக அளக்க வழி பிறந்தது, அதே ஆண்டு வர்ஜீனியாவின் லாங்லி ஆய்வகத்தில் 20 அடிக் காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியபோது. முழு எஞ்சினையே உள்ளே நிறுத்தி ஓட்டிப் பார்க்க முடிந்தது. அங்கே பிரெட் வீக் குழுவினர் எஞ்சினைச் சுற்றிப் பொருத்த உருவாக்கிய பத்தாம் எண் மூடி, 1928-இல் ஒரு கர்ட்டிஸ் ஹாக் விமானத்தின் உச்ச வேகத்தை மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்த்தியது. எஞ்சின் என்னவோ பழையதுதான்.

துருத்தியதை மூடினார்கள், காற்றுத்தடை குறைந்தது என்று இதைச் சுருக்கிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. வெறுமனே மூடியிருந்தால் எஞ்சின் வெந்திருக்கும். முதல் வடிவங்களில் சில இடங்கள் அளவுக்கு மீறிச் சூடேறவும் செய்தன. காப்பாற்றியவை நுழைவாயிலின் அளவும், வெளியேறும் இடுக்கும், சூடான பகுதிகளை நோக்கிக் காற்றைத் திருப்பிய தகடுகளும். திறந்த சிலிண்டரில் முன்பக்கம் மட்டும் காற்றை நன்றாக வாங்கும். பின்பக்கம் சுழலும் காற்று தடையைக் கூட்டுமே தவிர, சூட்டை அவ்வளவாக எடுத்துப் போகாது. சிலிண்டரை ஒட்டி வளைத்து அனுப்பினால் கொஞ்சம் காற்றே போதும்.

வீக் குழுவினர் கோட்பாட்டிலிருந்து தொடங்கவில்லையே, வெட்டி ஒட்டித்தானே பார்த்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் வெட்டித் திருத்தியது காற்றின் வழியைத்தான். பிரிட்டனில் டவுனெண்ட் உருவாக்கிய வளையம், காற்றின் வழிதான் முக்கியம் என்பதற்கு மறுப்பாகாதா? சிலிண்டர்களைச் சுற்றிய அந்தக் குறுகிய வளையமும் தடையைக் குறைத்தது. ஆனால் பின்னால் காற்று போகும் வழியை அது கட்டுப்படுத்தவில்லை. 1930-களில் சிலிண்டரோடு இறுக்கமாகப் பொருந்தும் தகடுகளும், வெளியேறும் இடுக்கை அகட்டிச் சுருக்கும் மடல்களும் வந்த பிறகு முழு மூடியே நிலைத்தது.

இதோடு பிரச்சினை தீர்ந்துவிடவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின் பி-29 விமானத்தில் இரட்டை வரிசைச் சிலிண்டர்களின் பின்வரிசை அடிக்கடி கொதித்தது. மடல்களை அகலத் திறந்தால் தடை ஏறி, பாரம் சுமந்த விமானம் மேலெழும்பத் திணறும். மூடினால் எஞ்சின் தீப்பிடிக்கும் அபாயம். ஓடுபாதையை விட்டுக் கிளம்பும்போதே விமானிகள் இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைப் பிடிக்க வேண்டியிருந்தது.