நான்கு நேர் கால்கள்

1709-ல் நேப்பிள்ஸ் பக்கத்து ரெசினாவில் தண்ணீருக்காகக் கிணறு வெட்டிய ஒரு குடியானவரின் மண்வெட்டியில் சலவைக்கல் தட்டியது. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை விழுங்கிய ஹெர்குலேனியத்தின் நாடக அரங்குதான் கீழே கிடந்தது. 1738-ல் முறைப்படி அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள், 1748-ல் பொம்பேயி. உள்ளே கிடைத்த தூண், தோரணம், ஜாடி எல்லாம் படமாகி ஐரோப்பா முழுக்கச் சுற்றின. வளைந்து நெளிந்த கால் வைத்தே மரச்சாமான் செய்து பழகியிருந்த பாரிஸ் தச்சர்களுக்குத் தங்கள் பிழைப்பு தலைகீழாகப் போவது அப்போது தெரியவில்லை.

அந்த நேரத்தில் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக்காரர்களின் கவனம் திருச்சி மேல் இருந்தது. 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா தன் படையோடு ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தார். மறுவருடம் திருச்சியின் பாலக்கரைக்குத் தென்கிழக்கே பொன்மலையில் ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸிடம் மறுபடி அடி. மலைக்கோட்டை கைக்கு வராமலே 1754-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே ஊர் திரும்பினார். பீரங்கிக்கு மசியாத திருச்சியில் பிரெஞ்சுப் பாணி உளிக்கு வழி இருந்தது. ஆனால் அந்த உளிக்காரர் பிரெஞ்சுக்காரரே இல்லை.

ஜான் ஆன்றி ரீஸ்னர் ஜெர்மானியர். பாரிஸில் ஓபென் என்பவரின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். பதினைந்தாம் லூயிக்கான எழுது மேசை பாதியில் நிற்கும்போதே, 1763-ல், முதலாளி ஓபென் இறந்துபோனார். பட்டறை தனக்குத்தான் என்று லெலூ என்ற இன்னொரு தொழிலாளி காத்திருந்தார். முதலாளியின் விதவையோ ரீஸ்னரைக் கல்யாணம் செய்துகொண்டார். லெலூ பட்டறையை விட்டே போய்விட்டார். 1769-ல் மேசை முடிந்தது, 1774-ல் ரீஸ்னர் அரசரின் தச்சரானார். பதினாறாம் லூயியின் ராணி மேரி அந்த்வானெத்துக்கு அவர் செய்த அலமாரிகளிலும் இழுப்பறைகளிலும் வளைவு மெல்ல மறைந்தது. கிணற்றடித் தூணைச் சின்னதாகச் செதுக்கி நிறுத்தியதுபோல, கோடு கோடாகப் பள்ளம் இழைத்த நேர் கால்கள் வந்தன. மேலே பித்தளைத் தோரணம், அதில் தங்க முலாம். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசி, தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்க வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தே முலாம் பூசுபவர்கள் நோயில் விழுந்தார்கள். இத்தனை பாடுபட்டுச் செய்த சாமான்களுக்கு அரண்மனையில் ஆயுள் இருபது வருடம்கூட இல்லை.

1793 ஆகஸ்டில் புரட்சி அரசு வெர்சாய் அரண்மனைச் சாமான்களை ஏலத்துக்கு விட்டது. ஏலம் ஒரு வருடம் ஓடியது. 17,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள். கூட்டத்தில் ரீஸ்னரும் நின்றார். தான் செய்தவற்றையே தன் கைக்காசில் திரும்ப வாங்கினார், நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று. அது தப்புக் கணக்கு. அதற்குள் வாங்குபவர்களின் ரசனை மாறியிருந்தது. பணம் முடங்கியது, 1806-ல் காலமானார். அந்தக் கால்களின் கதையும் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனிக்கு மேரி அந்த்வானெத் மேல் அப்படியொரு பித்து. 1850-களில் அவர் அரண்மனையில் பழைய பாணி மறுபடி ஏறியது. பணக்காரர்கள் பின்னால் வரிசை கட்டினார்கள். பாரிஸில் மரச்சாமான் செய்த ஹென்றி தாசோன் பதினைந்தாம் லூயியின் அந்த ராஜா மேசைக்கே நகல் செய்தார். சிலர் ஒரு படி மேலே போய் ரீஸ்னரின் முத்திரையையும் சேர்த்துக் குத்தினார்கள். புதுச்சேரியிலோ நம் ஆசாரிகள், முத்திரை எதுவும் குத்தாமல், தேக்கிலும் தோதகத்தியிலும் பிரெஞ்சுப் பாணியை இழைத்தார்கள். அசல் எது, நகல் எது?

திருச்சி பாலக்கரையில் ஒரு பழைய வீட்டுப் படுக்கையறையிலிருந்து, இத்தனை நாள் வேட்டி புடவை அடுக்கி வைத்திருந்த நேர்கால் இழுப்பறை பீரோ விலை கேட்டு வெளியே வந்தால், மதிப்பிடத் தெரிந்தவர் முகப்பைப் பார்க்கமாட்டார். இழுப்பறையை முழுசாக உருவிக் கவிழ்ப்பார். முதுகுப் பலகையில் டார்ச்சைச் சாய்த்து அடிப்பார். ரம்பத் தடம் நேர்க்கோடாக, ஒழுங்கில்லாமல் ஓடினால் கை ரம்பம். வில்போல வளைந்திருந்தால் மிஷின், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டு இல்லை. மேலே ஒட்டிய வெனீர் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்திருந்தால் கையால் அறுத்தது. காகிதம்போல் இருந்தால் பிந்தியது. கடைசியாக உள்சட்டம். பாரிஸ்காரர்கள் ஓக் மரத்தில் சட்டம் அடித்து மேலே விலை உயர்ந்த மரத்தை ஒட்டுவார்கள். சுரண்டினால் முழுத் தேக்கு தெரிந்தால், வெர்சாய்க் கனவை அங்கேயே மூட்டை கட்டிவிடலாம்.

விலை இறங்கும், மரியாதை இறங்க வேண்டியதில்லை. ஒட்டுப்பலகை இல்லாத முழுமரம் அது. நூறு வயது தாண்டிய கைவினைப் பொருளென்றால் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டம் வேறு குறுக்கே நிற்கும். பாரிஸ் பாணியில் பிறந்த பீரோவைத் தனியார் எவரும் பாரிஸுக்குக் கப்பலேற்ற முடியாது.