நீரிழிவும் சோற்றளவும்

வடபுலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் நீரிழிவு என்னும் பெயர் நுழைந்த அன்றே சோற்றுப்பானை குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிடும். அரிசியை விடுங்கள், சப்பாத்தி உண்ணுங்கள் என்பது மருத்துவர் வாக்கு. அடுத்த வீட்டார் வாக்கும் அதுவே. 1983இல் எந்தையார் கும்பகோணத்திலிருந்து எம்முடன் வாழத் தில்லி வந்தபோதும் அவ்வாறே விதிக்கப்பட்டது. எழுபது ஆண்டு தயிர்ச்சோறு உண்ட மனிதர் வேளைக்கு ஆறு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் உண்ணலானார். சர்க்கரை இறங்கவில்லை, அவர் முகந்தான் இறங்கிற்று. மருந்தாவது உணவின் பெயரா, அதன் அளவா? இவ்வினாவில் மருத்துவ உலகம் பன்னூறாண்டு தடுமாறியிருக்கிறது என்பதை அன்று யான் அறியேன்.

சிறுநீர் தேன்போல் இனித்துக் கழியும் இந்நோயை மதுமேகம் எனக் குறித்த பழைய நூல்களுள் சுசுருத சங்கிதை தலையாயது. அது கூறும் சிகிச்சை படிக்கச் சுவையானது. பொருளற்றவன் செருப்பும் குடையுமின்றி, இரந்துண்டு, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காது நூறு யோசனை நடக்க வேண்டும். செல்வனோ புல்லரிசி வகைகளையும் நெல்லி, விளா முதலிய கனிகளையும் உண்டு மான்களோடு வாழ வேண்டும். கிணறு வெட்டச் சொல்வதும் உண்டு. இவ்வளவும் கூறிய அந்நூல், மெலிந்த நோயாளியை இங்ஙனம் வருத்தாது காக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தது. இந்த ஒரு சொல்லை நினைவில் இருத்துக, பின்னர் தேவைப்படும்.

நம் வள்ளுவரும் ‘மருந்து’ என்று அதிகாரத்துக்குப் பெயரிட்டுவிட்டு, மூலிகை ஒன்றையேனும் பெயர் சொல்லாது, பெரும்பாலும் உண்ணும் அளவையும் வேளையையுமே பேசுகிறார்.

மேலைநாட்டார் பிற்காலத்தில் வேறு வழியாக இங்கு வந்தனர். நோயாளியின் நீரில் கலந்திருப்பது சர்க்கரையே என 1776இல் ஆங்கிலேயரான மாத்யூ டாப்சன் காட்டினார். 1797இல் ஜான் ரோலோ என்னும் இராணுவ மருத்துவர் மாவுப்பண்டங்களைச் சுருக்கி, கெட்டுப்போன பழைய இறைச்சியையும் கொழுப்பையும் உண்பித்தார். நோயைவிட மருந்து கொடிதாயிற்று எனலாம்! ஆயின் தெளிவைத் தந்தது ஒரு போர். 1870-71இல் பிரஷ்யப் படை பாரிசு நகரை முற்றுகையிட்டு உணவு அரிதானபோது, தம் நோயாளிகள் சிலர் நீரில் சர்க்கரை மறைந்ததை பூசார்தா என்னும் அறிஞர் கண்டார். பட்டினியால் நகரமே வாட, நீரிழிவாளர் தேறினர். குறைத்து உண்டு உடலுழைக்க வேண்டும் என்பது அவர் நெறியாயிற்று.

அந்நெறி எல்லை மீறியதும் வரலாறே. இன்சுலின் வருமுன் அமெரிக்காவில் பிரெடெரிக் ஆலன் கடுமையான பட்டினிச் சிகிச்சையைப் பரப்பினார். காய்கறியை மும்முறை வேகவைத்து, நீரை வடித்து, சத்து நீங்கிய சக்கையை வயிறு நிரம்பக் கொடுப்பர். எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி 1919இல், 11 வயதில், நோயுற்று இவ்வாறே வளர்க்கப்பட்டாள். 1922 ஆகஸ்டில் டொராண்டோ நகருக்கு அவள் வந்தபோது எடை ஏறத்தாழ 20 கிலோ! அவ்வாண்டு சனவரியில்தான் அந்நகரில் முதன்முதல் நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்பட்டிருந்தது. அது பெற்ற அவள் 1981 வரை வாழ்ந்தாள். மெலிந்தாரை வருத்தற்க என்ற பழஞ்சொல்லின் பொருள் இங்கே விளங்குகிறது. உடலில் இன்சுலின் சுரப்பே அற்ற குழந்தைக்குப் பட்டினி சில காலம் சாவைத் தள்ளிப்போடும், வாழ்வு தராது. உடல் பருத்து நடுவயதில் வரும் நீரிழிவுக்கு உணவே பாதி மருந்து. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அக்காலத்தார் பிழை.

தமிழகத்தில் இத்துறைக்கு வித்திட்டவர் பேராசிரியர் மா. விசுவநாதன், 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அதே சென்னையில் அ. இராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாயிற்படியில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவு வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவருள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோய்ப்பட, உணவையும் நடையையும் திருத்தியவருள் அத்தொகை 39 ஆயிற்று. மாத்திரை உண்டவர்க்கும் ஏறத்தாழ அவ்வளவே. இரண்டையும் சேர்த்தும் பயன் கூடவில்லை.

இனி அரிசிக்கும் கோதுமைக்குமான வழக்கு. 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கோதுமை மாவில் சுமார் 69. தவிடு நீக்காத மாவில் நார்ச்சத்து மிகுதி, அதனால் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆறு சப்பாத்தியும் கிழங்கும் உண்டவர்க்கு அந்நன்மை எங்கே நிற்கும்?

இரண்டாண்டு கழித்துச் சென்னை சென்றபோது வேறொரு மருத்துவர் எந்தையாருக்குச் சோற்றைத் திருப்பித் தந்தார், அளவோடு. ஊரிலிருந்து கொணர்ந்த ஆழாக்கை அன்னையார் அன்றே பரணிலிருந்து இறக்கினார். வேளைக்கு அரை ஆழாக்கு அரிசி, அதற்கு இருமடங்கு கீரையும் காயும், மாலையில் பூங்கா வரை நடை. முதல் நாள் தட்டில் மோர் ஊற்றியபோது எந்தையார் ஒன்றும் பேசவில்லை. விரல்களை மட்டும் நெடுநேரம் சோற்றில் வைத்திருந்தார்.