தோல், மரம், தையல்

காரில் தோல் இருக்கை முதலில் வந்தது ஓட்டுநருக்கு, முதலாளிக்கு அல்ல. குதிரை வண்டிக் காலத்தில் வண்டியோட்டி வெளியே, மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்தார். நனைந்தால் துடைத்துவிடலாம் என்பதற்காக அவர் இருக்கைக்குத் தோல் போர்த்தினார்கள். கூண்டுக்குள் இருந்த சீமாட்டிகளுக்கு மேற்கு இங்கிலாந்தில் நெய்த மென்மையான கம்பளித் துணி, ஓரங்களில் பட்டு நாடா. மோட்டார் வந்த பிறகும் இந்த வழக்கம் நீடித்தது. 1920களிலும் 30களிலும் கட்டிய பல லிமோசின்களில் முன்னால் தோல், பின்னால் துணி. கூரையில்லாத வண்டிகளைத் தாங்களே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்ட பணக்காரர்கள் பெருகினார்கள். மழைக்குப் பயந்து அவர்களும் தோலுக்கு மாறினார்கள். வேலைக்காரரின் இருக்கையில் இருந்த பொருள் இப்படித்தான் செல்வத்தின் அடையாளமாயிற்று.

என்னிடம் 1985ஆம் ஆண்டு ஜாகுவார் எக்ஸ்ஜே6 ஒன்று இருக்கிறது. அதன் உட்புறத்தை நானே, வார இறுதிகளில், கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து வருகிறேன். பழைய சொகுசுக் காரின் உட்புறத்தை மேம்படுத்துகிறேன் என்றால் பெரிய திரை, வண்ண விளக்கு, புது சீட் கவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நாட்டமில்லை. அந்தக் காருக்குள் இருப்பவை பல தொழிலாளர்கள் கைப்பட முடித்த வேலைகள். அவற்றை மூடி மறைப்பது மேம்பாடு ஆகாது. பிரித்து, எப்படிச் செய்தார்கள் என்று புரிந்துகொண்டு, அதே முறையில் திரும்பச் செய்வதைத்தான் நான் மேம்பாடு என்பேன்.

அந்தக் கார் செய்யப்பட்ட, நான் வசிக்கும் இங்கிலாந்து நகரமான கவன்ட்ரிக்குக் கார் திடீரென்று வந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது பட்டு நாடா நெய்யும் ஊர். நெசவாளர்கள் வீட்டு மேல்மாடியில் பெரிய சன்னல்கள் வைத்து, அந்த வெளிச்சத்தில் தறி ஓட்டினார்கள். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் பிரெஞ்சுப் பட்டின் மீதிருந்த இறக்குமதி வரியை நீக்கியது. கவன்ட்ரி நாடாவால் அந்தப் போட்டியைத் தாங்க முடியவில்லை. தறிகள் நின்றன, குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் போனார்கள். அந்தப் பத்தாண்டிலேயே இங்கே ஒரு தையல் எந்திர ஆலை எழுந்தது. ஜேம்ஸ் ஸ்டார்லி அதில் பெரும் பங்காற்றினார். பத்தாண்டு முடிவதற்குள் அதே ஆலை மிதிவண்டிகளையும் செய்யத் தொடங்கியது. 1896இல் டெய்ம்லர் நிறுவனம் ஒரு பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் கார் செய்ய அமர்ந்தது. நாடா, தையல் எந்திரம், மிதிவண்டி, கார் என்று இந்த ஊரின் பிழைப்பு மாறிய வரிசையை நினைக்கும்போதெல்லாம், கார் இருக்கையின் தையலில் ஏதோ ஒரு மூலையில் அந்தப் பழைய நெசவாளர்களின் பொறுமை இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஜாகுவாரைத் தோற்றுவித்த வில்லியம் லயன்ஸ் இந்த ஊருக்கு வந்தது 1928இல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் பிளாக்பூலில் வில்லியம் வாம்ஸ்லியோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி செய்துகொண்டிருந்தவர். 1927இல் ஆஸ்டின் செவன் என்ற சாதாரணச் சிறு காரின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் இரட்டை வண்ண உடலும் அழகான உட்புறமும் பொருத்தி விற்றார். எந்திரம் அதேதான். ஆனால் கதவைத் திறந்தவருக்கு அது வேறொரு கார். 1935இல் முதல் எஸ்எஸ் ஜாகுவாரை லண்டன் ஓட்டல் ஒன்றில் காட்டியபோது, விலை என்னவாக இருக்கும் என்று விருந்தினர்களிடம் கேட்டார். சராசரி ஊகம் 600 பவுண்டைத் தாண்டியது. உண்மை விலை 400க்கும் கீழே. பணக்கார வீட்டுக் கூடத்தைக் குறைந்த விலையில் காருக்குள் கொண்டுவரத் தெரிந்ததுதான் லயன்ஸின் பெரிய திறமை. எந்திரத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தோலுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் சொகுசுக் கார்களின் தோல் என்றால் கானலி. 1878இல் லண்டனில் கானலி சகோதரர்கள் தொடங்கிய தொழில். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின், ஜாகுவார் எல்லாவற்றுக்கும் அவர்கள் தோல் போனது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மக்களவையின் பச்சை இருக்கைகளுக்கும் அவர்களுடையதுதான். கார் இருக்கைக்குப் பெரிய, வடுவில்லாத தோல் வேண்டும். அதனால் முள்வேலியும் பூச்சிக்கடியும் குறைந்த குளிர்நாட்டு மாடுகளின் தோலை நாடினார்கள்.

நான் ராணிப்பேட்டைக்காரி. டேனரி வாசனையில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்துத் தோலும் லண்டன் போன வரலாறு உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்த மதராஸ் தோல் 19ஆம் நூற்றாண்டில் லண்டன் ஏலங்களில் பெயர் பெற்ற சரக்கு. ஆனால் நம் நாட்டு மாடு சிறியது. உடம்பில் சூட்டுக்கோல் தழும்பும் உண்ணிக்கடி வடுவும் இருக்கும். செருப்பு, பை, காலணியின் உள்பக்கம் இவற்றுக்கு அது பொருத்தம். அகலமான இருக்கைக்குப் பொருந்தாது. என் காரின் இருக்கையில் முதன்முதலாகக் கை வைத்தபோது, முதுகுப் பகுதியை நடுவிலும் வயிற்றுப் பகுதியைக் கண்ணுக்குப் படாத ஓரத்திலும் வெட்டிப் போட்டிருந்தது விரலுக்கே தெரிந்தது. முதுகுத்தோல் இறுக்கமானது, வயிற்றுத்தோல் இழுபடும். ராணிப்பேட்டையில் ஷூ தைப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

இந்தத் தோலில் வெடிப்பது பெரும்பாலும் மேல்பூச்சு. அதற்கு எண்ணெய்ப் பசையான கிரீம் தடவிச் 'சாப்பாடு கொடுப்பது' இங்கே நெடுநாளைய வழக்கம். கானலியே அப்படியொரு கிரீமை விற்றது. பூச்சு முழுதாக இருக்கும் இடத்தில் கிரீம் உள்ளே இறங்காது. மேலே தங்கி அழுக்கைச் சேர்க்கும் என்பது என் அனுபவம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். முத்தாக நின்றால் துடைப்பு மட்டும் போதும். உறிஞ்சிக்கொண்டால் பூச்சு போய்விட்டது என்று பொருள். அங்கே பழைய அழுக்கையும் மெழுகையும் சுத்தமாக எடுத்து, வெடிப்பில் மெல்லிய நிரப்பியைத் தேய்த்து, தோலுக்கென்றே வரும், நீரில் கலந்த வண்ணத்தை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிய படலங்களாக ஏற்றினேன். முப்பது நாற்பது ஆண்டு உட்கார்ந்ததில் விழுந்த மடிப்புகளை அப்படியே விட்டேன். அவை சேதமல்ல.

கானலி டேனரி 2002இல் மூடியது. அதற்கு முன்பே தோலின் இடத்தைச் செயற்கைத்தோல் பிடிக்க ஆரம்பித்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஜாகுவாரே மார்க் 2 காரின் விலையைக் குறைக்க 'ஆம்ப்ளா' என்ற வினைல் உறையைப் போட்டு, தோலைக் கூடுதல் காசு கொடுப்பவர்களுக்கு ஒதுக்கியது.

மரத்தில் நான் செய்தது குறைவு. டேஷ்போர்டில் இருப்பது வால்நட் கழலையிலிருந்து சீவிய வெனீர். மரத்தின் அடியிலோ உடம்பிலோ புடைத்து வளரும் அந்தக் கழலையை அறுத்தால் சுழிசுழியாகக் கோலம் தெரியும். அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தகடுகளைப் புத்தகம்போல் விரித்து ஒட்டுவதால்தான் இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்கின்றன. முன்கண்ணாடி வழியே வரும் வெயிலில் வெனீரின் மேல் பூசிய லேக்கர் வெடிக்கும், வெடிப்பில் ஈரம் இறங்கும். லேக்கரைச் சூடு காட்டிச் சுரண்டி எடுக்கலாம். ஆனால் வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை; உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் கோலம் தேய்ந்து அடிப்பலகை வந்துவிடும். புது லேக்கரைப் பல பூச்சுகள் ஏற்றி, காய்ந்தபின் வாட்டர் பேப்பரில் தட்டையாக்கிப் பளபளப்பாக்கினேன். கூரைத்துணி இன்னும் எளிது. பழைய கார்களில் கம்பளித்துணியைக் கம்பி வளைவுகளில் தைத்துத் தொங்கவிட்டார்கள். என் காரில் பின்பக்கம் ஃபோம் சேர்த்த துணியை வார்ப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஃபோம் காலப்போக்கில் பொடியாகிவிடும். துணி தலையில் இறங்கும். பலகையைக் கழற்றிக் கதவு வழியே சாய்த்து எடுத்து, முகமூடி அணிந்து பொடி முழுவதையும் தேய்த்து நீக்கி, வெப்பம் தாங்கும் பசையால் புதுத்துணி ஒட்ட வேண்டும். சாதாரண ஸ்பிரே பசை முதல் கோடையிலேயே விட்டுவிடும்.

முன்னிருக்கையைப் பிரித்ததுதான் எனக்கு உண்மையான பாடம். உறையை அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உறையை உள்பக்கம் வெளியாகத் திருப்பினேன். வெளியே நேர்கோடுகளாகத் தெரிந்தவை உள்ளே அத்தனை தையல். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் வெட்டுக்குறி. வளைவு திரும்பும் இடத்தில் துணுக்குத் துணுக்காகக் கத்தரித்து மடித்திருக்கிறார்கள். ஓரங்களைச் சீவி மெலிதாக்கியிருக்கிறார்கள். தையலோரத்தில் உருண்டையாக வரும் பைப்பிங் ஒரே அளவில் ஓடுகிறது. பலகையில் அடித்து வைத்த சட்டத்தில் அல்ல, கையில் பிடித்த வழவழப்பான தோலில், வேகமாக ஓடும் எந்திரத்தின் கீழே இதைச் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கார் ஆலைகளில் இருக்கை உறை தைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அந்தப் பெண்களைப் பற்றி எழுதாமல் கார் உட்புறத்தின் வரலாற்றை எழுதவே கூடாது. 1968 ஜூன் 7ஆம் தேதி கிழக்கு லண்டனின் டேகன்ஹாமில் ஃபோர்டு ஆலையில் இருக்கை உறை தைத்த 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். நிறுவனம் அவர்கள் வேலையைத் திறன் குறைந்த 'பி' பிரிவில் வைத்திருந்தது. அதே பிரிவிலிருந்த ஆண்களைவிட அவர்களுக்குக் கூலியும் குறைவு. வேலைக்குச் சேரும்போது எந்திரத்தில் தைத்துக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். தேர்ந்து சேர்ந்தபின் திறன் இல்லாதவர்கள் என்ற பெயர். உறை இல்லாமல் இருக்கை இல்லை, இருக்கை இல்லாமல் கார் வெளியே போகாது. உற்பத்தி நின்றது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்ட பின், மூன்று வாரங்களில் வேலை தொடங்கியது. கூலி ஆண்களுடையதில் 92 சதவீதமாக உயர்ந்தது. 1970இல் சம ஊதியச் சட்டம் வந்ததற்கு இந்தப் போராட்டம் பெரிய தூண்டுதல்.

பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது கூலி மட்டுமல்ல; தங்கள் வேலை திறன் வேலை என்ற ஒப்புதல். அது 1968இல் கிடைக்கவில்லை. 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் 'சி' பிரிவுக்கு உயர்த்தினார்கள். பதினாறு ஆண்டுகள். ஃபோர்டு சாமானியர் கார், ஜாகுவார் சொகுசுக் கார் என்பதெல்லாம் வாங்குபவருக்குத்தான். ஊசிக்குக் கீழே இரண்டும் ஒரே வேலை.

என் அம்மா ராணிப்பேட்டையில் ஷூ மேல்பாகம் தைத்தவர். எங்கள் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. அம்மா வேலை பார்த்த ஓர் ஆலையின் பதிவேட்டில் அவர் பல ஆண்டுகள் 'ஹெல்பர்' என்றே இருந்தார். டேகன்ஹாம் கதையை அவரிடம் போனில் சொன்னபோது அதிக நேரம் பேசவில்லை. "அங்கயும் அப்படித்தானா" என்று மட்டும் கேட்டார். பிறகு கேமராவைத் தையல் பக்கம் திருப்பச் சொன்னார்.

ஓட்டுநர் இருக்கையின் ஒரு பக்கத்துண்டு கிழிந்து, காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தது. பழைய துண்டையே மாதிரியாக வைத்துப் புதுத்தோல் வெட்டி வைத்திருந்தேன். அம்மா பார்த்ததும், "ஓரத்தைச் சீவாம மடிச்சா தையல் எங்கடி உட்காரும்? தடிச்சுக்கிட்டு நிக்கும்" என்றார். இன்னோரிடத்தில் தோல் நன்றாக இருந்து நூல் மட்டும் விட்டிருந்தது. "அதை மிஷின்ல குடுக்காத. பழைய ஓட்டையிலயே கையால ஊசிய எறக்கு. புதுசா ஓட்டை போட்டா தோல் போயிடும்." சரியான பேச்சு. தோலில் ஊசி குத்திய இடம் துணியைப்போல மூடிக்கொள்ளாது. நெருக்கமாகத் தைத்தால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவிடும். தையல் நீளமாக இருக்க வேண்டும். தடித்த நைலான் அல்லது பாலியஸ்டர் நூல், தோலுக்கென்று முனை தீட்டிய ஊசி, மேலிருந்தும் தோலை நகர்த்தித் தரும் காலடி உள்ள எந்திரம் மூன்றும் வேண்டும். வீட்டுத் தையல் எந்திரம் ஓர் அடுக்கைத் தைத்துவிடும். பைப்பிங்கோடு நான்கு அடுக்கு வரும் மூலையில் நின்றுவிடும்.

என் கார் பிறந்த பிரவுன்ஸ் லேன் ஆலையில் 2005இல் கார் தயாரிப்பு நின்றது. 2008இல் ஜாகுவாரை டாடா வாங்கியது. ஆலை போனாலும், அங்கே செய்த உட்புறங்கள் இன்னும் நூற்றுக்கணக்கான கொட்டகைகளில் பிரிக்கப்பட்டும் தைக்கப்பட்டும் வருகின்றன. அவற்றைப் பிரிப்பவர்களுக்கு நான் சொல்வது, கழற்றிய பழைய உறையைத் தூக்கி எறியாதீர்கள். வெட்டுக்குறியோடு, தையல் துளையோடு மடித்து வையுங்கள். அடுத்து தைப்பவருக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

முன்னிருக்கைகள் இரண்டும் முடிந்துவிட்டன. கதவுப் பலகைகளில் ஈரம் ஏறி அட்டை வளைந்திருக்கிறது. அடுத்த வேலை அதுதான். பின்னிருக்கையை நான் தொடப்போவதில்லை. 1985இல் யாரோ ஒருவர் போட்ட தையல் அதில் ஒரு கண்ணிகூட விடாமல் இருக்கிறது.