நத்தார் தாத்தாவின் விமானத்துக்கு வால் எதற்கு?



டிசம்பர் விடுமுறை. வெளியே மாரி மழை, பிள்ளைகள் வீட்டுக்குள்ளே. ரெஜிபோம் துண்டில் இறக்கை வெட்டி, அதன்மேல் நத்தார் தாத்தாவையும் மான்வண்டியையும் ஏற்றிப் பறக்கவிட ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், "குப்பை போடாமப் போய்ப் படி" என்று ஏசுகிறோம். ஏசுமுன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

9ஆம் நூற்றாண்டில், முஸ்லிம் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ், இறகுச் சிறகு கட்டிக்கொண்டு பறக்க முயன்றார். சற்றுத் தூரம் பறந்தார். இறங்கும்போது முதுகில் பலத்த அடி. பறவை வாலை வைத்தே இறங்குகிறது, அவரோ வால் வைக்கவில்லை என்று 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரீ காரணம் எழுதியிருக்கிறார்.

அந்த வாலின் கணக்குச் சரிவர 900 வருடத்துக்கும் மேல் சென்றது. அதுவும் சின்னஞ்சிறு மாதிரிகளில்தான் சரிவந்தது. 1804இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் கேலி ஒரு தடியில் பட்டத்தை இறக்கையாகக் கட்டி, பின்னால் வால் பூட்டிப் பறக்கவிட்டார். 1871இல் பாரிஸ் பூங்காவொன்றில், 21 வயது அல்போன்ஸ் பெனோ முறுக்கிய இறப்பரால் ஓடும் குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். வாலின் முன்விளிம்பைச் சற்றுக் கீழே சரித்திருந்தார். மூக்கு மேலே போனாலும் கீழே போனாலும் வாலே அதை நேராக்கியது.

1878இல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார், பெனோவின் வடிவமைப்பை ஒட்டிய இறப்பர் ஹெலிகொப்டர் பொம்மையொன்றைத் தன் மகன்மாருக்கு வாங்கி வந்தார். வில்பருக்கு 11 வயது, ஓர்வில்லுக்கு 7. பொம்மை உடைந்தது. பிள்ளைகள் தாங்களே புதிதாகச் செய்தார்கள். பெரிதாகச் செய்தபோது பறக்கவில்லை. ஏன் என்ற கேள்வி அவர்களிடம் தங்கியது. 1903 டிசம்பர் 17 அன்று மனிதனைச் சுமந்த அவர்களது விமானம் 12 விநாடி பறந்தது. அன்று தகப்பனுக்கு அனுப்பிய தந்தியில், நத்தாருக்கு வீடு வருகிறோம் என்ற சேதியும் இருந்தது.

இனி நம் பிள்ளையின் மான்வண்டிக்கு வருவோம். தாத்தாவின் பாரம் பின்னால் விழுந்தால் மூக்குத் தூக்கி விமானம் குப்புற விழும். மான்களைக் களிமண்ணில் செய்து மூக்கில் ஒட்டினால் சமநிலை வரும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரு விரல்களில் தாங்கிப் பாருங்கள். மூக்குச் சற்றே தாழ்ந்தால் பறக்கும். அழகுக்கு வைத்த மான்கள் பௌதிகவியலைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

நம் ஊர்களில் நத்தார் கொண்டாடும் வீடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையும் நம் பிள்ளையும் சேர்ந்து செய்யட்டும். குர்துபா அறிஞரின் குறையை ஒரு பிரெஞ்சுக்காரனின் பொம்மை தீர்த்தது, அவனது வடிவமைப்பை ஒட்டிய இன்னொரு பொம்மை ஒரு பாதிரியாரின் பிள்ளைகளைப் பறக்க வைத்தது. அறிவு இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

டியூஷன் ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. கத்தரிக்கோலைப் பறிக்காதீர்கள்.