யாளி சிங்கமன்று

கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலைத் தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவினார். இன்று அங்கு நிமிர்ந்து நிற்கும் ஐந்துநிலைக் கோபுரம், பிற்காலத் திருப்பணியின் பயன். அண்ணாந்து நோக்குவோர் தெய்வ உருவங்களைப் பெயர் சொல்லி வணங்குவர். ஆனால் தென்னாட்டுக் கோபுரங்களின் முகட்டில், பிதுங்கிய விழியும் கோரைப் பல்லுமாய் அமரும் யாளி முகத்தை மாணாக்கன் 'சிங்கம்' என்பான், ஆசிரியரும் திருத்துவதில்லை.

சிங்க உடலில் துதிக்கை பொருந்திய யாளியும் உண்டு; குதிரை முக யாளியும் உண்டு. யானையைக் கொன்று கொம்பு பறிக்கும் 'ஆளி'யாக அகநானூறு அதனைக் காட்டும். சொல்லில் வாழ்ந்த அவ்விலங்கு, பல்லவர் காலத்தில் மாமல்லைக்கு அருகே புலிக்குகையின் வாயிலைச் சூழ்ந்த பாறை முகங்களாயிற்று; நாயக்கர் காலத்தில் மதுரை ஆயிரங்கால் மண்டபத் தூண்களில் ஆளுயரம் கடந்து எழுந்தது. சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் உண்டையை விரலால் நகர்த்தலாம், வெளியே எடுக்க இயலாது! ஒரே கல்லில் இரண்டையும் குடைந்த சிற்பியின் குறும்பு அது.

மேனாட்டிலும் இத்தகைய கற்பனை உண்டு. 1255இல் இலண்டனுக்கு வந்த யானையை மாத்யூ பாரிசு என்னும் துறவி நேரில் கண்டு வரைந்தார். யானையைக் காணாமலே தீட்டிய பிற ஓவியர்க்கு, யானையே ஒரு யாளிதான்.

கல் யாளி சிற்பி கைவிட்டபடியே நிற்கும். செங்கல்லும் சுதையுமான கோபுரங்களிலோ குடமுழுக்குதோறும் புது வண்ணம் ஏறும். பெயரறியாதார் கையில் யாளி பூனையாகிவிடக்கூடும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மாணாக்கரைத் தத்தம் ஊர்க் கோயிலின்முன் நிறுத்தி, எவ்வுறுப்பு எவ்விலங்கினது என்று எழுதச் செய்யலாம்.